பவுண்டு: எடை, பணம், பட்டி, இடி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து, ஒரே அசை. ஆனால் அகராதியில் பவுண்டு பக்கத்தைத் திறந்தால் தராசு, கஜானா, மாட்டுப்பட்டி, உலக்கை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இவற்றில் எது எதற்கு உறவு, எது வெறும் பக்கத்து வீடு என்று கேட்பவர்களுக்காக இந்தக் கேள்வி பதில்.

பவுண்டு என்பது பல பொருள் தரும் ஒரே சொல்லா, அல்லது வெவ்வேறு சொற்களா?

மூன்று சொற்கள். எடைக்கும் பணத்துக்கும் வருவது ஒன்று. அலையும் கால்நடையைப் பிடித்து அடைக்கும் பட்டி இரண்டாவது. இடிப்பது, நசுக்குவது, ஓயாமல் குத்துவது என்ற வினை மூன்றாவது. மூன்றும் தனித்தனி வேரிலிருந்து வந்தவை. இன்று எழுத்திலும் ஒலிப்பிலும் ஒரே மாதிரி ஆகிவிட்டன.

நம் நிகண்டுகளில் ‘ஒருசொல் பல்பொருட்பெயர்த் தொகுதி’ என்றே தனிப் பகுதி உண்டு. ஒரு சொல்லுக்கு உள்ள பொருள்களை எல்லாம் அங்கே வரிசையாக அடுக்கிவிடுவார்கள். அவை ஒரே வேரா, வேறு வேரா என்று பார்ப்பதில்லை. செய்யுள் இயற்றுபவருக்கு அது போதும். இன்றைய ஆங்கில அகராதிகள் அப்படி விடுவதில்லை. வேர் வேறானால் பதிவும் வேறு. தலைச்சொல்லின் தோளில் 1, 2, 3 என்று சிறிய எண் போட்டுப் பிரித்துவிடும். ஒரே வேரிலிருந்து கிளைத்த பொருள்கள் மட்டும் ஒரே பதிவுக்குள் இருக்கும். பவுண்டில் எடையும் பணமும் அப்படி ஒரே பதிவில் இருப்பவை.

எடைக்கும் பணத்துக்கும் எப்படி ஒரே சொல் வந்தது?

ரோமர்களின் எடை அலகு லிப்ரா. ஒரு லிப்ரா இன்றைய கணக்கில் சுமார் 327 கிராம். அதை அவர்கள் ‘லிப்ரா போண்டோ’ என்று சொல்வார்கள். போண்டோ என்றால் ‘எடையில்’, அதாவது ‘நிறுத்துப் பார்த்தால் ஒரு லிப்ரா’. ரோமரோடு வணிகம் செய்த ஜெர்மானிய இனத்தார் இந்தத் தொடரில் அலகின் பெயரை விட்டுவிட்டு, பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த போண்டோவை எடுத்துக்கொண்டார்கள். பழைய ஆங்கிலத்தில் அது புண்ட் ஆனது. ஜெர்மனில் ப்ஃபுண்ட், டச்சில் பாண்ட், சுவீடிஷில் புண்ட்.

இந்தக் கடன் மிகப் பழையது. எவ்வளவு பழையது என்பதற்கு ஜெர்மன் வடிவமே சாட்சி. உயர் ஜெர்மனில் ஒரு காலத்தில் சொல்லின் முதலில் நின்ற ப் எல்லாம் ப்ஃ என்று மாறின. அந்த மாற்றம் இந்தச் சொல்லையும் பிடித்திருக்கிறது என்றால், அதற்கு முன்பே சொல் அங்கே குடியேறி, உள்ளூர்ச் சொல்லாகவே நடமாடியிருக்க வேண்டும்.

பணம் ஆனது அடுத்த கட்டம். எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிராங்கியப் பேரரசர் சார்லமேன் நாணயச் சீர்திருத்தம் செய்தபோது, ஒரு பவுண்டு எடை வெள்ளியிலிருந்து தினாரியஸ் என்ற வெள்ளிக்காசு 240 அடிக்க வேண்டும் என்பது கணக்கானது. ஆங்கிலேயரும் அதே வழியில் சென்றார்கள்: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆக ஒரு பவுண்டு பணம் என்பது ஒரு பவுண்டு வெள்ளி. எடையின் பெயர் பணத்துக்கு உவமையாக வந்ததல்ல. தராசுத் தட்டில் கிடந்ததே பணமாக இருந்தது.

இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்ததும் அல்ல. ஸ்பானிஷ் பெசோவுக்கு ‘எடை’ என்றே பொருள். ஷெக்கலின் வேர் ‘நிறு’ என்ற எபிரேய வினை. லிரா, ரோமரின் லிப்ராவேதான்.

ஒரு பவுண்டு பணத்துக்கு இன்றும் ஒரு பவுண்டு வெள்ளி கிடைக்குமா?

அந்தக் காலம் எப்போதோ மலையேறிவிட்டது. அரசுகள் நாணயத்தில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தன. முதலாம் எலிசபெத் ஆட்சியில், 1601இல், ஒரு டிராய் பவுண்டு (அன்றைய நாணயச்சாலையின் எடைப் பவுண்டு) வெள்ளியிலிருந்து 62 ஷில்லிங் அடித்தார்கள். ஒரு பவுண்டு பணம் என்பது 20 ஷில்லிங்தான். அப்படியானால் ‘ஒரு பவுண்டு’ என்று சொல்லிக் கொடுக்கும் பணத்தில், ஒரு பவுண்டு வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்தது. பெயர் அப்படியே நின்றது, உள்ளடக்கம் கரைந்தது.

போண்டோவுக்கு ஆங்கிலத்தில் வேறு உறவினர்கள் உண்டா?

ஏராளம். போண்டோவின் அடியில் இருப்பது ‘தொங்கவிடு’ என்று பொருள்படும் லத்தீன் வினை, பெண்டெரே. தராசில் தொங்கவிட்டால்தானே எடை தெரியும்? ஆகவே தொங்குதல், நிறுத்தல், பணம் செலுத்துதல் மூன்றுமே அந்த ஒரு வினைக்குள் அடங்கின.

தொங்கும் கிளையில் பெண்டுலம், கழுத்தில் ஆடும் பெண்டன்ட், வேலையிலிருந்து ‘தொங்கலில்’ வைக்கும் சஸ்பெண்ட். பணக் கிளையில் பென்ஷன், ஸ்டைபெண்ட், செலவழிப்பதற்கான ஸ்பெண்ட், எக்ஸ்பென்ஸ். நிறுத்துப் பார்ப்பது மனத்துக்கும் பொருந்துமல்லவா? யோசிப்பதைக் குறிக்கும் பாண்டர் அங்கிருந்து வந்தது. பான்ஸி என்ற பூவின் பெயர் ‘எண்ணம்’ என்ற பிரெஞ்சுச் சொல். அதுவும் இதே குடும்பம்தான். சொல்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகும் மாட்டுப்பட்டிப் பவுண்டு அந்நியன். பார்வைக்குச் சம்பந்தமே இல்லாத பென்ஷன் ரத்த உறவு.

பவுண்டு என்று எழுதுவதற்கு ஏன் எல்-பி என்ற சுருக்கம்? பணத்துக்கு ஏன் £?

இரண்டும் லிப்ராவின் மிச்சம். பேச்சில் போண்டோ வென்றது. எழுத்தில் லத்தீன் படித்த கணக்கர்கள் லிப்ராவை விடவில்லை. எடைக்கு லிப்ராவின் இரண்டு மெய்களான எல், பி நின்றன. பணத்துக்கு முதலெழுத்தான எல் மட்டும் எடுத்து, சுருக்கம் என்று காட்ட ஒரு குறுக்குக்கோடு இழுத்தார்கள். அதுதான் £. பழைய ஆங்கிலக் கணக்கேடுகளில் பவுண்டு, ஷில்லிங், பென்னிக்கு எல், எஸ், டி என்று தலைப்பிடுவது லிப்ரா, சொலிடஸ், தினாரியஸ் என்ற மூன்று ரோமப் பெயர்களைக் கொண்டுதான். பென்னிக்கு ஏன் டி என்று திகைத்தவர்களுக்கும் விடை இதுவே.

ராசி மண்டலத்தில் துலாமுக்கு ஆங்கிலத்தில் லிப்ரா என்று பெயர். லத்தீனில் லிப்ராவுக்குத் தராசு என்ற பொருளும் உண்டு.

பவுண்டு நாணயம் எப்போதிலிருந்து இருக்கிறது?

சொல்லைவிட நாணயம் பல நூற்றாண்டு இளையது. நெடுங்காலம் பவுண்டு என்பது கணக்கேட்டில் மட்டும் வாழ்ந்த அலகு. கையில் புழங்கியது பென்னி. 1489இல் ஏழாம் ஹென்றி, சாவரின் என்ற பொற்காசை அடிக்க ஆணையிட்டார். 20 ஷில்லிங் மதிப்பு, அதாவது ஒரு பவுண்டு. ஒற்றை நாணயமாகப் பவுண்டு கைக்கு வந்தது அப்போதுதான்.

1797இல் பிரான்சுடனான போரால் தங்கத்துக்கு நெருக்கடி வந்தபோது, இங்கிலாந்து வங்கி முதல்முறையாக ஒரு பவுண்டு தாள் வெளியிட்டது. 1971 பிப்ரவரி 15 அன்று 240 பென்னிக் கணக்கு ஒழிந்து, ஒரு பவுண்டுக்கு 100 பென்னி என்றானது. சார்லமேன் காலத்துக் கணக்கு ஏறத்தாழ பன்னிரண்டு நூற்றாண்டு தாக்குப்பிடித்திருக்கிறது. 1983இல் இன்றைய பாணிப் பவுண்டு நாணயம் வந்தது. 1988இல் இங்கிலாந்து வங்கியின் ஒரு பவுண்டு தாள் செல்லாததானது. 2017இல் வந்த புதிய நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கம்.

தமிழில் பவுன் என்கிறோமே, அது இதுதானா?

ஆம். ஒரு பவுண்டு மதிப்புள்ள சாவரின் பொற்காசின் வழியாக வந்த பெயர். 1817 முதல் அடிக்கப்பட்ட சாவரினின் எடை 7.988 கிராம், பவுன் என்றால் 8 கிராம் என்று முழுதாக்கிக்கொண்டோம். எடையாகப் பிறந்து, பணமாகி, நாணயமாகி, தமிழுக்கு வந்ததும் மறுபடி எடையாகிவிட்டது.

சரி, எடைப் பவுண்டு என்றால் எத்தனை கிராம்?

இன்று 453.59237 கிராம், துல்லியமாக. 1959இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஆறு நாடுகளும் சேர்ந்து ஒத்துக்கொண்ட மதிப்பு இது. அதாவது பவுண்டுக்கு இன்று சொந்தமாக ஒரு அடிப்படை கிடையாது. கிலோகிராமின் ஒரு பின்னம்தான்.

அதற்கு முன்பு ‘எந்தப் பவுண்டு?’ என்று கேட்காமல் வியாபாரம் நடக்காது. இடைக்கால இங்கிலாந்தின் நாணயச்சாலையில் டவர் பவுண்டு, சுமார் 350 கிராம். 1527இல் எட்டாம் ஹென்றி அதை நீக்கி, 373 கிராமுக்குச் சற்று மேலான டிராய் பவுண்டை வைத்தார். கம்பளி, இறைச்சி போன்ற சரக்குகளுக்கு அவார்டுபாய் பவுண்டு. பெயருக்கு ‘எடைபோட்டு விற்கும் பொருள்’ என்று பழைய பிரெஞ்சில் அர்த்தம். நாம் இன்று பவுண்டு என்பது இந்தக் கடைசி ஆளைத்தான். டிராயில் 12 அவுன்ஸ், அவார்டுபாயில் 16 அவுன்ஸ்.

1834 அக்டோபரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தபோது, அங்கே வைத்திருந்த மூல எடைக்கல்லும் அதோடு போய்விட்டது. நாட்டின் பவுண்டு எது என்று காட்ட, பிளாட்டினத்தில் புதிய கல் வார்க்க வேண்டியதாயிற்று. 1855இல் அதற்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஒரே ஒரு கட்டியை நம்பி முழு நாட்டின் தராசையும் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

ஒரு பவுண்டு தங்கம், ஒரு பவுண்டு இறகு: எது கனம்?

‘இரண்டும் ஒன்றுதானே’ என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். இறகுதான் கனம். தங்கம் டிராய் கணக்கில் வரும்: 373 கிராம். இறகு அவார்டுபாய்: 454 கிராம். இதோடு முடிந்துவிடவில்லை. ஒரு அவுன்ஸ் தங்கமா, ஒரு அவுன்ஸ் இறகா என்று கேட்டால் விடை தலைகீழ். டிராய் அவுன்ஸ் 31.1 கிராம், சாதாரண அவுன்ஸ் 28.35 கிராம். டிராய் அவுன்ஸ் பெரியது, ஆனால் பவுண்டுக்குப் பன்னிரண்டுதான். டிராய் பவுண்டு இன்று வழக்கில் இல்லை. தங்கச் சந்தை அவுன்ஸோடு நின்றுவிடுகிறது. எனவே இது விடுகதைக்கு மட்டுமே உதவும்.

பவுண்டை விசைக்கும் சொல்கிறார்களே?

டயரில் காற்று அளக்கும்போது ‘சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு’ என்பது விசை. ஒரு பவுண்டு நிறையைப் பூமி இழுக்கும் விசைதான் ஒரு பவுண்டு விசை, 4.448 நியூட்டன். நிறைக்கும் விசைக்கும் ஒரே பெயர் வைத்ததில் மாணவர்களுக்குக் குழப்பம் வந்தது போதாதென்று, மெட்ரிக் அலகோடு கலந்தபோது பெரிய விபத்துகளே நடந்திருக்கின்றன.

1999 செப்டம்பர் 23 அன்று நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்ததும் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கைத் தந்த தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் பவுண்டு விசையில் எண்களைக் கொடுத்தது. வாங்கிய பக்கம் நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு எண்ணிலும் ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். விண்கலம் செவ்வாய்க்கு மேலே சுமார் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டது. அந்த உயரத்தில் அது தாங்காது.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று எட்மன்டனுக்குப் பறந்துகொண்டிருந்தபோது நடுவானில் எரிபொருள் தீர்ந்தது. தேவைப்பட்டது 22,300 கிலோ. லிட்டருக்கு 1.77 என்ற பெருக்கெண்ணைப் போட்டுச் சரிபார்த்தார்கள். அது லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்பதற்கான எண். தொட்டியில் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது வேண்டியதில் பாதிக்கும் குறைவு. விமானிகள் இன்ஜின் இல்லாமலே விமானத்தை மிதக்கவிட்டு, மனிடோபா மாகாணத்தில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார்கள். யாரும் உயிரிழக்கவில்லை.

அமெரிக்கத் தொலைபேசியில் ‘பவுண்டை அழுத்துங்கள்’ என்றால் £ பொத்தானைத் தேட வேண்டுமா?

வேண்டாம், # பொத்தானை அழுத்துங்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்குப் பவுண்டுக் குறி என்று பெயர், பிரிட்டனில் ஹேஷ்.

இதற்கும் காரணம் லிப்ராதான். எல்-பி என்று எழுதி, சுருக்கம் என்று காட்ட மேலே ஒரு கோடு போடுவது வழக்கம். அவசரமாக எழுதும் கையில் இரண்டு எழுத்துகளும் இரண்டு சாய்கோடாகவும், அவற்றை வெட்டும் கோடுகளாகவும் தேய்ந்து # ஆனது. விசைப்பலகையில் £ இருக்கும் இடத்தில் # இருப்பதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அதை நம்ப வேண்டாம். சரக்குச் சீட்டுகளில் எடையைக் குறிக்க # எழுதியது கணினிக்கு வெகுகாலம் முந்தையது. ஆனால் இடம் ஒன்றாக இருப்பது உண்மை. கணினிக்காக ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் தரும் அமெரிக்கக் குறியீட்டு அட்டவணையில் 35ஆம் எண்ணுக்கு # என்றால், பிரிட்டன் தயாரித்த பதிப்பில் அதே எண்ணுக்கு £ வைத்தார்கள். இரண்டு நாட்டு விசைப்பலகைகளிலும் 3க்கு மேலே ஆளுக்கொரு ‘பவுண்டு’ இருக்கிறது.

2007 ஆகஸ்டில் கிறிஸ் மெஸினா, ட்விட்டரில் குழுக்களைக் குறிக்க # பயன்படுத்தலாமா என்று கேட்டு எழுதிய வரியிலும் அதன் பெயர் பவுண்டுதான். ஹேஷ்டேக் என்ற பெயர் நிலைத்தது பிறகு.

கால்நடையை அடைக்கும் பவுண்டு எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்தில் புண்ட்ஃபால்ட் என்ற கூட்டுச்சொல்லில் இது இருக்கிறது: அடைப்பு, பட்டி. அதற்கு மேல் வேர் பிடிபடவில்லை. லத்தீன் போண்டோவோடு முடிச்சுப் போட எந்த வழியும் இல்லை.

இங்கிலாந்தின் கிராமங்களில் கல்சுவரோ மரவேலியோ எழுப்பிய பவுண்டுகள் இருந்தன; சில இன்றும் நிற்கின்றன. அடுத்தவர் வயலில் மேய்ந்த மாட்டை அங்கே ஓட்டிவந்து அடைப்பார்கள். சேதத்துக்கு ஈடு கட்டினால்தான் மீட்கலாம். காவல் பார்ப்பவருக்குப் பிண்டர் என்று பெயர். அதுவே பரம்பரைப் பெயராகவும் ஆனது. ஈடு கட்டாமல் பூட்டை உடைத்து மாட்டை ஓட்டிச் சென்றால் அது தனிக் குற்றம்.

அடைபட்ட மாட்டுக்குத் தீனி யார் பொறுப்பு என்பதில் ஆங்கிலச் சட்டம் நுணுக்கம் காட்டியது. திறந்தவெளிப் பவுண்டு என்றால் சொந்தக்காரர் வந்து பார்க்க முடியும், ஆகவே தீனி போடுவது அவர் பாடு. மூடிய கொட்டிலில் வைத்திருந்தால் பிடித்து அடைத்தவர்தான் போட வேண்டும். மாடு பட்டினியால் செத்தால் நஷ்டம் யாருக்கு என்பதும் அதைப் பொறுத்தது.

மாடு போனபின் சொல் நாய்க்கு வந்தது, பிறகு விதிமீறி நிறுத்திய வண்டிக்கு. அதிகாரிகள் எதையாவது பிடித்து வைத்துக்கொண்டால் ‘இம்பவுண்ட்’ என்பது இந்தப் பவுண்டிலிருந்துதான்.

குளத்தைக் குறிக்கும் பாண்ட் என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பாண்ட் என்பது பட்டிப் பவுண்டின் மாற்று வடிவம். மாட்டை அடைத்தால் பவுண்டு, தண்ணீரை அடைத்தால் பாண்ட். முதலில் அது கரை கட்டித் தேக்கிய நீருக்கே பெயராக இருந்தது. கால்வாய்ப் படகோட்டிகள் இன்னும் பழைய வடிவத்தையே விடாமல் வைத்திருக்கிறார்கள்: இரண்டு மதகுகளுக்கு இடையே நிற்கும் கால்வாய் நீளத்துக்கு அவர்கள் மொழியில் பவுண்டு. இரண்டு பக்கமும் கதவு வைத்து, நடுவில் நீரை ஏற்றி இறக்கிப் படகை மேலே கீழே கொண்டுபோகும் அமைப்புக்குப் ‘பவுண்டு லாக்’ என்று பெயர். சீனாவின் பெருங்கால்வாயில் 984இல் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி இதை அமைத்தார்.

இடிக்கும் பவுண்டு?

பழைய ஆங்கிலத்தில் பூனியன்: நசுக்கு, பொடியாக்கு. கட்டட இடிபாட்டுக்கு டச்சில் வழங்கும் பௌன் இதன் உறவு. உரலில் மருந்துச்சரக்கை இடிப்பதிலிருந்து தொடங்கி, கதவை ஓங்கி ஓங்கித் தட்டுவது, பீரங்கியால் ஊரைத் தகர்ப்பது, நெஞ்சு படபடவென்று அடிப்பது, வேலை தேடித் தெருத்தெருவாக நடையாய் நடப்பது என்று பொருள் விரிந்தது. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் கனத்த அடி.

கவனித்தீர்களா, பூனியனில் ட் இல்லை. பதினாறாம் நூற்றாண்டு வாக்கில்தான் அது பின்னால் வந்து ஒட்டியது. நாக்கு ன் ஒலியில் நிற்கும்போதே ட் பிறக்கும் இடத்தில்தான் நிற்கிறது. சொல்லி முடிக்கையில் ஒரு ட் தானாகத் தெறிக்கும். சவுண்ட் என்ற சொல்லுக்கும் இப்படித்தான் வால் முளைத்தது. லத்தீனில் அது சோனஸ், ட் கிடையாது. கடன் கொடுப்பதைச் சொல்லும் லெண்ட் இன்னொரு உதாரணம்.

மூன்று சொற்களும் எப்படி ஒரே ஒலிக்கு வந்து சேர்ந்தன?

எடைச் சொல் புண்ட் என்று குறில் உகரத்தோடு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் ண்ட் என்ற கூட்டுக்கு முன் நின்ற குறில் நீண்டது: பூண்ட். பட்டிச் சொல்லுக்கும் அதுவே. இடிக்கும் சொல் பிறவியிலேயே நெடில். நார்மன் எழுத்தர்கள் அந்த ஊகாரத்தைப் பிரெஞ்சுப் பாணியில் ஓ, யூ என்ற இரண்டு எழுத்தால் எழுதினார்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்தின் நெடில்கள் எல்லாம் இடம்பெயரத் தொடங்கின. ஊ என்பது அவ் ஆகத் திரும்பியது. பூண்ட் பவுண்டானது அந்த வரிசையில்தான். ஹவுண்ட், கிரவுண்ட் ஆகியவையும் அப்படியே. ஜெர்மனில் அவை ஹுண்ட், கிருண்ட், ப்ஃபுண்ட் என்று இன்றும் குறிலோடு இருக்கின்றன. கடைசியாக இடிக்கும் சொல்லுக்கு ட் முளைத்ததும் மூன்றும் ஒன்றாகிவிட்டன.

காம்பவுண்ட், எக்ஸ்பவுண்ட் எல்லாம் இதன் பிள்ளைகளா?

இல்லை. வேதியியல் காம்பவுண்ட், விளக்கிச் சொல்வதான எக்ஸ்பவுண்ட், கருத்தை முன்வைக்கும் ப்ரபவுண்ட் மூன்றும் ‘வை’ என்ற லத்தீன் வினை போனெரேயிலிருந்து வந்தவை. இம்பவுண்ட் மட்டும் பட்டி வம்சம்.

காம்பவுண்ட் சுவர் என்கிறோமே, அந்தக் காம்பவுண்ட் இவை எதுவும் இல்லை. அகராதியாளர்களில் பெரும்பாலோர் காட்டும் மூலம், குடியிருப்பு என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான கம்போங். போர்த்துகீசியர் அல்லது டச்சுக்காரர் வாய்வழியே ஆங்கிலத்துக்கு வந்து, ஏற்கெனவே இருந்த காம்பவுண்டின் வேடத்தைப் போட்டுக்கொண்டது. சுற்றுச்சுவர், அடைப்பு என்று பட்டிப் பவுண்டோடு பொருளும் ஒத்துப்போவதால் ஏமாறாதவர் குறைவு.

எஸ்ரா பவுண்டின் பெயர் எந்தப் பவுண்டு?

பட்டி. ஊர்ப் பவுண்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவருக்கோ அதைக் கவனித்தவருக்கோ வழங்கிய பெயர், குடும்பப் பெயராகிவிட்டது. கவிஞர் எஸ்ரா பவுண்டு (1885–1972), சட்ட அறிஞர் ராஸ்கோ பவுண்டு, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமை தாங்கிய டட்லி பவுண்டு எல்லோருடைய பெயரும் அப்படி வந்ததுதான்.

மரபுத்தொடரில் வரும்போது எந்தப் பவுண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூட யார் வருகிறார்கள் என்று பாருங்கள். பென்னியோடு வந்தால் பணம்: ‘பென்னியில் கெட்டிக்காரன், பவுண்டில் முட்டாள்’. அவுன்ஸோடு வந்தால் எடை. ‘ஒரு பவுண்டு சதை’ ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகனில் ஷைலாக் கேட்டது. கடனுக்கு ஈடாக வருவதால் பணம் என்று தோன்றினாலும் அது தராசில் நிறுக்கும் சதை. வழக்கு ஷைலாக்குக்கு எதிராகத் திரும்பியதும் அதனால்தான்: நிறுத்து எடுக்கலாம், ஒரு சொட்டு ரத்தம் சிந்தக் கூடாது.

தடுமாற வைப்பது பவுண்டேஜ் என்ற சொல். வணிகச் சரக்கின் மதிப்பில் பவுண்டுக்கு இவ்வளவு என்று ஆங்கில மன்னர்கள் வாங்கிய சுங்கத்துக்கும் அதுதான் பெயர். பட்டியில் அடைத்த மாட்டை மீட்கக் கட்டும் தொகைக்கும் அதுதான் பெயர். இரண்டிலும் கட்டுவது பணம் என்பதால் சூழலை வைத்துக்கூடச் சட்டென்று சொல்லிவிட முடியாது.

வேறு எந்த நாடுகளில் பவுண்டு புழங்குகிறது?

எகிப்து, சூடான், தெற்கு சூடான், சிரியா, லெபனான் ஆகியவற்றின் நாணயத்துக்கு ஆங்கிலத்தில் பவுண்டு என்று பெயர். அரபியில் அப்படிச் சொல்வதில்லை. சிரியாவிலும் லெபனானிலும் அது லிரா. எகிப்தில் கினேஹ், இது கினி என்ற பழைய ஆங்கிலப் பொற்காசின் பெயர். ஆஸ்திரேலியா 1966இலும் நியூசிலாந்து 1967இலும் பவுண்டை விட்டு டாலருக்கு மாறின. அயர்லாந்தின் பவுண்டுக்கு ஐரிஷ் மொழியில் புன்ட் என்று பெயர். 2002இல் யூரோ அதன் இடத்தைப் பிடித்தது.

‘ஃபைவ் பவுண்ட்’ என்று பன்மை விகுதி இல்லாமல் பேசுகிறார்களே, தப்பில்லையா?

எழுதும்போது விகுதி சேர்ப்பதே முறை. ஆனால் பிரிட்டனின் வட்டார வழக்குகளில் ‘டென் பவுண்ட்’ என்று கேட்டால் பேசுபவருக்கு இலக்கணம் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் புண்டுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றுதான். விகுதி பிறகு வந்து சேர்ந்தது. ஐந்து பவுண்டு தாள், பத்து பவுண்டு எடையுள்ள குழந்தை என்று பெயருக்கு முன்னால் அடையாக நிற்கும்போது எல்லோருமே விகுதி இல்லாமல்தான் சொல்கிறார்கள். எடையைச் சுருக்கி எழுதும்போது எல்-பிக்குப் பின்னால் எஸ் போடுவது பரவலாக இருந்தாலும், அலகுச் சுருக்கத்துக்குப் பன்மை இல்லை என்ற விதிப்படி அது தேவையில்லாதது.